வாடகை நாற்றம்

“எச்சம் எங்கடா?”

தம்பி டிராக்டரை நிறுத்தவில்லை. நிறுத்தினால் சண்டை நீளும் என்று அவனுக்குத் தெரியும். அக்கா வேலிக்கம்பியைத் தூக்கிப் பிடித்துக் குனிந்து அந்தப் பக்கம் வந்து, டிராக்டருக்கு நேர் முன்னால் நின்றுகொண்டாள். அதற்கு மேல் ஓட்டினால் போலீஸ் கேஸ் ஆகிவிடும். நிறுத்தினான்.

“எச்சம் எங்கன்னு கேட்டேன்.”

“கூண்டுக்குப் பின்னால பாருக்கா. நேத்து நின்ன இடம் அங்கதான் இருக்கு.”

“பாத்துட்டுத்தான் கேக்கறேன். நாத்தமே இல்லையே! இத்தனை கோழி ராத்திரி முழுக்க உக்காந்து போட்டது, விடிஞ்சா நாத்தம் இல்லாம மாயமாப் போயிடுமா? யாருக்குக் காது குத்தற?”

“மழை பெஞ்சுதுல்ல. கரைஞ்சு மண்ணுக்குள்ள போயிருக்கும்.”

“கரைஞ்சா எச்சம் கரையும். நாத்தமுமா கரையும்?”

எருவைப் பற்றித் தம்பிக்கு என்ன தெரியும்? அவன் படித்தது டிராக்டர் ரிப்பேர். டிராக்டருக்குப் பின்னால் கட்டியிருந்த கூண்டுக்குள் கோழிகள் கம்பிவலையில் மூக்கை வைத்துக்கொண்டு இவர்கள் சண்டையை வேடிக்கை பார்த்தன. அக்கா கூண்டுக்குப் பின்னால் போய் ஈரப் புல்லில் காலால் ஒரு தேய்ப்புத் தேய்த்துப் பார்த்தாள். பச்சையும் கறுப்புமாய் ஏதோ கொஞ்சம் ஒட்டியது. குனிந்து முகர்ந்தாள். வெறும் மண் வாசனை.

“திருட்டுப் பயலே,” என்றாள், மாடுகளுக்கும் கேட்கும்படியாக.

அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். அந்த மூக்கும் லேசுப்பட்ட மூக்கில்லை. காலையில் கறந்த பால் சாயங்காலம் திரியுமா திரியாதா என்று பாத்திரத்தை முகர்ந்தே சொல்லிவிடுவாள். பக்கத்து வீட்டில் கேஸ் கசிந்ததை அந்த வீட்டுக்காரிக்கு முன்னால் கண்டுபிடித்து, கதவைத் தட்டித் திட்டிவிட்டு வந்தவள். சின்ன வயதில் தம்பி அவளை மூக்கி என்று கூப்பிடுவான். இப்போதும் நல்ல நாளில் கூப்பிடுவான். அப்படிப்பட்ட நாட்கள் குறைந்துகொண்டே வந்தன.

அப்பா போனபின் புல்வெளி அக்காவுக்கும் வீடும் டிராக்டரும் தம்பிக்கும் என்று பிரிந்தது. அக்கா புல்வெளியின் ஓரத்தில் மாட்டுக்கொட்டகையை ஒட்டித் தகரக்கூரை போட்ட இரண்டு அறைகளில் இருந்தாள். ஒன்றில் அவள், ஒன்றில் பால்கேன்களும் தீவன மூட்டைகளும். கட்டிக்கொண்டவன் எப்போதோ கோபித்துக்கொண்டு போனவன். அதைப் பற்றிக் கேட்பவர்களுக்கு அன்றைக்குப் பால் கிடையாது. மாடுகள்தான் அவளுக்கு எல்லாம். மாடுகளுக்கு எல்லாம் புல்தான். அந்தப் புல்லோ வருஷத்துக்கு வருஷம் சன்னமாகிக்கொண்டே போனது. நிலத்தில் சத்து செத்துப்போயிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் தம்பி முட்டைக்கோழி வாங்கினான். இரும்புச் சட்டம், தகரக்கூரை, நான்கு சக்கரம் வைத்த ஒரு கூண்டும் செய்தான். பகலில் கோழிகள் வெளியே வலைக்குள் மேயும். இருட்டினால் கூண்டுக்குள் ஏறிக் கட்டைகளில் வரிசையாக உட்காரும். கூண்டுக்குத் தரை கிடையாது, அகலக் கண்ணி வைத்த கம்பிவலைதான். எச்சமெல்லாம் அதன் வழியாக நேரே புல்லில் விழும். காலையில் கூண்டை அதன் நீளத்துக்கு முன்னால் இழுத்து நிறுத்தினால் அடுத்த இடம். கூண்டு தயார், கோழி தயார், மேய்க்கத்தான் நிலமில்லை.

“மேய்ச்சுக்கோ,” என்றாள் அக்கா. “பணம் வேண்டாம். எச்சம் என் நிலத்துக்கு. அதுதான் வாடகை.”

கோழி எச்சத்தில் தழைச்சத்து அதிகம் என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தம்பிக்கு வாயெல்லாம் பல். தம்பி பெண்டாட்டி அன்றைக்கு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க இல்லன்னா எங்க போயிருப்போம் அண்ணி,” என்றாள். அக்காவுக்குக் கையைப் பிடித்தால் பிடிக்காது. இருந்தும் உதறவில்லை.

வாடகை ஒழுங்காக வருகிறதா என்று பார்க்க வேண்டாமா? அதற்கு அக்காவிடம் ஒரே வழிதான் இருந்தது. மத்தியானம் வெயில் உச்சிக்கு வந்ததும் வேலியோரம் போய் நின்று கூண்டு இருக்கும் பக்கமாக மூச்சை இழுப்பாள். மூக்குக்குள் சுருக்கென்று ஏறி, கண்ணில் தண்ணீர் வந்தால் வாடகை வந்துவிட்டது. தெருமுனைக்கே நாறுகிற குப்பைதான் நல்ல எரு என்று அப்பா சொல்லிக் கேட்டவர்கள் அவர்கள் இரண்டு பேரும். “சத்து இருந்தாத்தான்டா நாறும். உமி நாறுமா?” என்பாள் அக்கா. இதில் தம்பிக்கும் மறு அபிப்பிராயம் இல்லை.

மழை வந்துதான் எல்லாவற்றையும் கெடுத்தது. விட்டு விட்டு நல்ல மழை. தம்பி தினமும் கூண்டை நகர்த்தினான்; தினமும் மழை பெய்தது; தினமும் அக்கா வந்து முகர்ந்தாள்; தினமும் நாற்றம் இல்லை. முதல் நாள் சந்தேகப்பட்டாள். மறுநாள் கத்தினாள். அதற்கடுத்த நாள் டிராக்டரை மறித்தாள். தம்பி பொழுது விடியுமுன் எச்சத்தைச் சுரண்டிப் பூச்செடி நர்சரிக்காரருக்கு விற்கிறான் என்பதில் அவளுக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லாமல் போயிற்று. நர்சரிக்காரரையே போய்க் கேட்டாள். “நான் வாங்கலையேம்மா,” என்றார் அவர். சரிதான், இரண்டு பேரும் கூட்டு என்று முடிவுகட்டித் திரும்பினாள்.

வேலியை ஒட்டி, தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால், அந்த மழைநாட்களில் கூண்டு நின்றுபோன இடத்துக்குத் திருட்டுத் துண்டு என்று பெயர் வைத்தாள். “அங்க என்ன இருக்கு, வெறும் மண்ணு,” என்று அந்தத் துண்டை மட்டும் கயிறு கட்டிப் பிரித்துவிட்டாள். மாட்டை அங்கே விடவில்லை, அரிவாளையும் கொண்டுபோகவில்லை, அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. அவள் கோபம் வந்தால் மனுஷரோடு மட்டும் பேச்சை நிறுத்துகிறவள் இல்லை, மண்ணோடும் நிறுத்துவாள்.

மழை விட்டு வெயில் ஏறியதும் தம்பி ஒரு காரியம் செய்தான். சண்டைக்குப் பயந்தவன் செய்கிற காரியம். கூண்டைத் தினமும் நகர்த்துவதை விட்டுவிட்டான். அப்படியே நிற்கட்டும், எச்சம் குவியட்டும், நாற்றம் வந்து அக்கா வாய் மூடட்டும் என்று விட்டான். முதல் நாள் லேசாக வந்தது. அடுத்த நாள் மத்தியானம் கண்ணைக் கரித்தது. அதற்கும் அடுத்த நாள் வேலிப்பக்கம் யாரும் நிற்க முடியவில்லை. அக்கா நின்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள், முகமெல்லாம் மலர்ந்து.

“இப்பத்தான்டா நீ ஒழுங்கா வாடகை கட்டற!”

“போதுமா மூக்கி?” என்று தம்பி சிரித்தான்.

அன்றைக்கு அக்கா ஒரு தூக்கு நிறையப் பால் கொடுத்தனுப்பினாள். அப்புறம் அதுவே வழக்கமாயிற்று. கூண்டு நிற்கும், நாறும், அக்கா வந்து பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் நகரும். இரண்டு பேர் தலையையும் பிடித்து நங்கென்று முட்டவைக்க அப்போது அங்கே யாரும் இல்லை.

இருந்தாள் ஒருத்தி. அவளை யாரும் கேட்கவில்லை. முட்டை எடுப்பது தம்பி பெண்டாட்டியின் வேலை. கூண்டின் கூரை தாழ்வு. கூடையோடு உள்ளே போனால் முதுகை ஒடித்துக்கொண்டு, முகத்தைத் தரைவலைக்கு மேலேயே வைத்துக்கொண்டு கோழிகள் முட்டையிடும் பெட்டிகளில் ஒவ்வொன்றாகக் கையை விட்டுத் துழாவ வேண்டும். அவள் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு போவாள். வெளியே வரும்போது கண்ணிரண்டும் சிவந்திருக்கும். இருமல் ஒன்று வந்து அவளோடு தங்கிவிட்டது.

ஒரு நாள் பால் வாங்க வந்தவள் சொன்னாள், “அண்ணி, கூண்டைத் தினமும் நகத்தச் சொல்லுங்களேன். உள்ள நிக்க முடியல. நெஞ்சைப் பிடிக்குது.”

“ஏன், மகாராணிக்கு ரோஜாத் தோட்டத்துலதான் முட்டை பொறுக்கணுமோ?”

“இல்ல அண்ணி, நெசமாவே...”

“நடிக்காத. நான் தினமும் போய் நிக்கலையா? எனக்கு என்ன ஆச்சு?”

தம்பியும் ஒருமுறை சொல்லிப் பார்த்தான். அவனுக்கும் அதே வார்த்தைதான் கிடைத்தது. நடிப்பு. அக்கா நின்றது வேலியோரம், அவள் குனிந்தது கூண்டுக்குள் என்பதை அங்கே யாரும் எடுத்துச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அக்கா காதில் ஏறியிருக்காது.

வாடகை இவ்வளவு நாறியும் புல் வரவில்லை. கூண்டு நின்ற இடமெல்லாம் முதலில் தீய்ந்து கருகியது. சத்து அதிகம், அதான் சுட்டுவிட்டது, போகப் போகப் பார் என்றாள் அக்கா. போகப் போக அங்கே மஞ்சளாய், நோஞ்சானாய் நாலு புல் எட்டிப் பார்த்தது. பால் குறைந்தது. மாடுகள் வேலிக்கு வெளியே கழுத்தை நீட்டி அடுத்தவன் புல்லைப் பார்த்துக் கத்தின. அந்தக் கத்தலைக் கேட்டு அக்கா மிச்சமிருந்த தீவன மூட்டைகளை எண்ணினாள். இந்த நிலம் போனால் மாடு போகும். மாடு போனால் அவள் எங்கே போவாள்? தம்பி வீட்டு வாசலிலா போய் நிற்பாள்?

உட்கார்ந்து யோசித்தாள். எச்சம் விழுகிறது, மூக்கே சாட்சி. புல் வரவில்லை, கண்ணே சாட்சி. அப்படியென்றால் என்ன அர்த்தம்? மத்தியானம் எனக்கு முகரக் காட்டிவிட்டு, நான் அந்தப் பக்கம் போனதும் சுரண்டிக்கொண்டு போகிறான்! கோபத்தோடு யோசித்தால் எல்லாம் கச்சிதமாகப் பொருந்தும். அவள் மண் பரிசோதனை ஆபீசுக்குப் போன் போட்டாள்.

வேனில் ஒரு பெண் வந்து இறங்கினாள். ஜலதோஷம் பிடித்து, தும்மிக்கொண்டே, பெரிய ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்தாள். வேன் நிறையப் பிளாஸ்டிக் தொட்டிகளும் சின்னச் சின்ன பாட்டில்களும் இருந்தன. மண்ணைத் தோண்டிப் பைகளில் போட்டுக்கொண்டாள். கூண்டுக்கு அடியில் கிடந்த எச்சத்தையும் கொஞ்சம் எடுத்தாள். பிறகு எச்சத்தின் மேல் அங்கங்கே ஒரு பாட்டிலை வைத்து, அதற்கு மேல் தொட்டியைக் கவிழ்த்து மூடினாள்.

“இது என்னத்துக்கு?” என்றாள் அக்கா.

“பாட்டில்ல ஆசிட் தண்ணி இருக்கும்மா. எச்சத்துல இருந்து கிளம்பற காத்தைப் பிடிக்கும்.”

“காத்தைப் பிடிச்சு நான் என்ன பண்றது? திருடனைப் பிடி.”

அந்தப் பெண் மூக்கைச் சிந்தினாள். கூண்டுக்கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டவள், தீ சுட்டது போலப் பின்னால் வந்தாள். ஜலதோஷத்தில் அடைத்திருந்த மூக்கையும் அது விடவில்லை. கண்ணைக் கசக்கிக்கொண்டே கேட்டாள், “இதுக்குள்ள போய் யாரும்மா முட்டை எடுக்கறது?”

“என் தம்பி பொண்டாட்டி. ஏன்?”

“தினமுமா?”

“முட்டை தினமும்தானே போடும்!”

அந்தச் சமயம் பார்த்துத் தம்பி வந்து சேர்ந்தான். அக்காவுக்கு அத்தனை நாள் சேர்த்துவைத்ததெல்லாம் வாய்க்கு வந்துவிட்டது. வெளியாள் ஒருத்தி நிற்கிறாளே என்ற நினைப்பெல்லாம் இல்லை.

“இதோ வந்துட்டான் பாரும்மா, என் கூடப் பொறந்த திருடன்! எனக்கு நாத்தத்தைக் காட்டிட்டு எருவை விக்கறவன். அப்பா சொத்துல பாதியத் தின்னது போதாம இப்ப என் நிலத்தையும் சுரண்டித் திங்கறான். உன் பாட்டிலை வச்சுக் கையும் களவுமாப் பிடிச்சுக் குடு!”

தம்பி அக்காவைப் பார்க்கவில்லை. மண் ஆபீஸ் பெண்ணைப் பார்த்துக் கேட்டான், “பாட்டிலை எப்ப எடுப்பீங்க?”

அவள் சொன்னாள்.

“அதுவரைக்கும் கூண்டை அசைக்க மாட்டேன். நீங்க எடுத்ததும் இந்த நிலத்தை விட்டுக் கிளம்பிடறேன்.” பிறகுதான் அக்கா பக்கம் திரும்பினான். “சுரண்டினேன்னு சொன்னல்ல? நல்லா அளந்து பாத்துக்க.”

சொன்னபடியே செய்தான். பாட்டில்கள் வேனில் ஏறிய அன்றே டிராக்டர் கூண்டை இழுத்துக்கொண்டு தெருவில் இறங்கியது. கோழிகள் கம்பிவலை வழியாகக் கடைகளை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு போயின. பாலத்துக்கு அந்தப் பக்கம் மரக்கடைக்காரர் நிலத்தில் இடம் பிடித்திருக்கிறானாம். அக்கா கொட்டகைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். “போகட்டும் சனியன்,” என்று மாட்டிடம் சொன்னாள். தம்பி பெண்டாட்டி டிராக்டரில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, வாயைப் பொத்தி இருமிக்கொண்டே போனதையும் பார்த்தாள்.

மண் ஆபீஸ் பெண் திரும்பி வந்தபோது அக்கா கறந்துகொண்டிருந்தாள்.

“யாரும் திருடலம்மா.”

“பின்ன?”

“காத்துல போயிடுச்சு.”

அக்கா கறப்பதை நிறுத்தவில்லை. “எது?”

“உங்க தழைச்சத்து. கோழி எச்சத்துல இருக்கறது ஒரே இடத்துல குவிஞ்சு சூடேறினா அமோனியாவா மாறிப் பறந்துடும். பாதிக்குப் பக்கமா பறந்துடுச்சு. மிச்சம் புல்லைச் சுட்டுடுச்சு. தினமும் நகத்தி, மேல மழையோ தண்ணியோ விழுந்திருந்தா மண்ணுக்குள்ள இறங்கியிருக்கும்.”

“நல்லாத்தானே நாறிச்சு!”

“அந்த நாத்தம்தாம்மா அது. உங்க மூக்குக்கு வந்துச்சுன்னா மண்ணுக்கு இல்லன்னு அர்த்தம். கூண்டை அப்படியே நிறுத்தி வைக்கச் சொன்னது யாரு?”

பால் பாத்திரத்தில் விழாமல் தரையில் விழுந்தது. மாடு திரும்பிப் பார்த்தது. அக்காவுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. யார் மேல் பாய்வது? காற்றின் மேலா?

“காத்து மேல கேஸ் போட முடியுமா?” என்று கத்தினாள். “இதைச் சொல்லத்தான் சம்பளம் வாங்கறியா? போ, போ!”

அந்தப் பெண் போவதற்கு முன்னால் ஒன்று சொன்னாள். “உங்க தம்பி போன் பண்ணிக் கேட்டாரு. அவருக்கும் சொல்லிட்டேன்.”

அன்றைக்கு முழுக்க அக்கா எல்லாவற்றின் மேலும் எரிந்து விழுந்தாள். வாளியை உதைத்தாள். பால் வாங்க வந்தவர்களை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். நாறுகிற எருதான் நல்ல எரு என்று சொல்லிவிட்டுச் செத்துப்போன அப்பாவையும் விடவில்லை. இதற்கு நடுவில் குட்டைக்கொம்பு என்ற மாடு கட்டை அறுத்துக்கொண்டு ஓடியது. கையில் கிடைத்த குச்சியை எடுத்துக்கொண்டு துரத்தினாள். அது தண்ணீர்த்தொட்டியைச் சுற்றிக்கொண்டு, கட்டியிருந்த கயிற்றைத் தாண்டி, திருட்டுத் துண்டுக்குள் போய் நின்று தலையைக் குனிந்தது. பிறகு நிமிரவே இல்லை.

அக்கா ஓங்கிய குச்சியோடு நின்றாள்.

புல் முழங்கால் உயரத்துக்கு நின்றது. கரும்பச்சை. அவள் நிலத்தில் அவள் கண்ணால் கண்டிராத பச்சை. கூண்டின் நீளத்துக்கு ஒன்று, அதையொட்டி இன்னொன்று என்று வேலியோரமாகப் போயிற்று. மழை நின்ற நாளில் கூண்டு இருந்த இடத்தோடு அதுவும் நின்றது. அதற்கப்புறம் நிலமெல்லாம் சொறி பிடித்த மஞ்சள். அக்காவுக்கு ஒவ்வொரு கூண்டு நீளமும் நினைவு வந்தது. இந்த இடத்தில் நின்றுதான் முதலில் சந்தேகப்பட்டாள். அடுத்ததில் எச்சம் எங்கே என்று கத்தினாள். அதற்கடுத்ததில் டிராக்டரை மறித்துத் திருட்டுப் பயலே என்றாள். எங்கெல்லாம் அவனைத் திருடன் என்றாளோ அங்கெல்லாம் வாடகை ஒழுங்காக இறங்கியிருந்தது. இறங்கவில்லை என்று சண்டை போட்டுச் சண்டை போட்டு அவள்தான் அதை நிறுத்தினாள்.

உட்கார்ந்து அழுகிற ஆள் இல்லை அவள். அரிவாளை எடுத்துவந்து அறுத்தாள், அந்தப் புல் ஏதோ தப்புச் செய்ததைப் போல. பெரிய கட்டாகக் கட்டி மொபெட்டின் பின்னால் ஏற்றினாள். பாலம் வரைக்கும் வாய் ஓயவில்லை. ஏன்டா சொல்லலை? ஆம்பளைதானே நீ, அக்கா கத்தினா எதுத்துக் கத்தறதுக்கு என்ன? தெரியலைன்னா தெரியலைன்னு சொல்றதுக்கு என்ன? எதிரே வந்த சைக்கிள்காரர் தன்னைத்தான் திட்டுகிறாள் என்று ஓரமாக ஒதுங்கினார்.

மரக்கடைக்காரர் நிலத்தில் தம்பி கூண்டை அப்போதுதான் நகர்த்தி நிறுத்தியிருந்தான். பழைய இடத்தின் மேல் ரப்பர் குழாயால் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் காவலுக்குப் பலகை அடித்த ஒற்றை அறை. அதன் படியில் தம்பி பெண்டாட்டி மூச்சுக்கு அடிக்கிற மருந்துக்குழலைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அக்கா வண்டியை நிறுத்தியதும் பழக்கதோஷத்தில் மூச்சை இழுத்துப் பார்த்தாள். ஈர மண்தான் மணத்தது.

புல்கட்டைத் தம்பியின் காலடியில் தொப்பென்று போட்டாள்.

“இந்தா. நீ திருடினது.”

தம்பி கட்டைப் பார்த்தான். எந்த இடத்துப் புல் என்று அவனுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. குழாயை மூடிவிட்டு வந்தான்.

“ஏன்டா சொல்லலை?” என்று அக்கா ஆரம்பித்தாள். “நான்தான் புத்தி கெட்டுப்போய் நாறணும் நாறணும்னு கத்தினேன். உனக்கு எங்கடா போச்சு புத்தி? இப்ப பாரு, எல்லாம் காத்துல போச்சாம்!”

“காத்துல எங்க போச்சு?”

“எங்கயோ போச்சு! காத்துல போனதை நான் எங்கன்னு தேடறது?”

“தேட வேண்டாம்.” அவன் குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. படியில் இருந்தவளைக் காட்டினான். “அதோ உக்காந்திருக்கா. அவ நெஞ்சுக்குள்ள போச்சு. நல்ல காத்துள்ள இடத்துல இரு, அந்த நாத்தத்துக்குள்ள இனிமே போனா மூச்சு நின்னுடும்னு டாக்டர் சொல்றாரு. திருடன்னு நீ சொன்னதுக்காக நான் வந்துட்டேன்னு நினைச்சியா? நீ சொல்லாத பேச்சா? இவளுக்காக வந்தேன்.”

“எங்கிட்ட சொல்லியிருக்க வேண்டியதுதானேடா!”

“சொன்னேன். அவளும் சொன்னா. நடிப்புன்னு சொன்ன.”

அக்கா படியில் இருந்தவளின் கையிலிருந்த மருந்துக்குழலைப் பார்த்தாள். தம்பி முகம் இறுகிப்போய் நின்றான். இத்தனை வருஷம் வாங்கிக்கட்டிக்கொண்டவன் முதல்முறையாகக் கணக்குத் தீர்த்திருக்கிறான், ஆனால் அவனுக்கும் அதில் சந்தோஷம் இருப்பதாகத் தெரியவில்லை.

தம்பி பெண்டாட்டி எழுந்து வந்தாள். நாலடி நடப்பதற்கே நெஞ்சு விசிலடித்தது. குனிந்து கட்டிலிருந்து ஒரு பிடி புல்லை உருவிப் பார்த்தாள்.

“தொட்டிக்குப் பின்னால இருந்ததா அண்ணி?”

அக்கா தலையாட்டினாள்.

“அந்த மழை நாள்லதான் உள்ள போயி ஒழுங்கா மூச்சு விட்டேன்,” என்றாள். குத்திக்காட்டுகிற மாதிரி சொல்லவில்லை. சும்மா, நினைவு வந்ததைச் சொல்கிற மாதிரி சொன்னாள். “அப்புறம் விடல.”

கூண்டில் கோழிகள் முட்டையிட்டுவிட்டுக் கொக்கரிக்க ஆரம்பித்தன. எடுக்காமல் விட்டால் மிதித்து உடைத்துவிடும். வாசலில் முட்டைக்கூடை இருந்தது. டாக்டர் சொன்னதையும் மீறிக் கை பழக்கத்தில் தம்பி பெண்டாட்டி அதை எடுக்கப் போனாள். தம்பி, “நீ இரு,” என்று வாயைத் திறப்பதற்குள் அக்கா கூடையைப் பிடுங்கிக்கொண்டாள்.

“தள்ளு,” என்றாள். “உக்காரு அங்க போயி.”

கூண்டுக்கதவைத் திறந்து உள்ளே நுழைந்தாள். இத்தனை நாளில் ஒருமுறைகூட அவள் இதற்குள் வந்ததில்லை. கூரை தலையில் இடித்தது. முதுகை வளைத்தாள், முகம் எச்சம் ஒட்டிய தரைவலைக்குப் பக்கத்தில் வந்தது. கோழிகள் மிரண்டு இறக்கையை அடித்தன. முதல் பெட்டியில் கையை விட்டாள். வெதுவெதுப்பாக ஒரு முட்டை அகப்பட்டது. அடுத்ததற்கு நகர்வதற்குள் மூக்கின் உள்ளே சுருக்கென்று ஏறியது. அதற்கடுத்த பெட்டியில் கண் கரித்தது. துடைக்க ஒரு கை வேண்டும். ஒரு கையில் கூடை, இன்னொன்றில் முட்டை. நெஞ்சுக்குள் ஏதோ பிடித்துக்கொண்டு, அவளுக்கு இருமல் வந்தது. வெளியே ஓடிவிடலாம் என்றிருந்தது. ஓடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு பெட்டியாகத் துழாவினாள்.

தம்பி வாசலில் குனிந்து எட்டிப் பார்த்தான். அக்காவின் கன்னமெல்லாம் ஈரமாக இருந்தது.

“அழுவுறியாக்கா?”

“எரியுதுடா!” என்று உள்ளிருந்து கத்தினாள் அவள். “கண்ணெல்லாம் எரியுது, மூச்சு விட முடியல. என்னடா நாத்தம் இது!”

இப்போதுதான் நகர்த்திய கூண்டுக்குள் தம்பியும் மூச்சை இழுத்துப் பார்த்தான்.

“இன்னிக்கு நாத்தமே இல்லையேக்கா,” என்றான்.